வண்டியேறும் குதிரையின் கால்கள்: காப்புறை வாங்கியதில் நான் கற்றவை

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செவலைக் குதிரை ஒன்றைப் பெங்களூரிலிருந்து பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள எங்கள் தோப்புக்கு லாரியில் கொண்டுவந்தேன். ஏழு வயது நிறைந்த, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை அது. உயரம் 15 கை 3 அங்குலம் (குதிரை அளவில் ஒரு கை என்பது நான்கு அங்குலம்). வாழ்நாளில் பாதியை லாயத்துக்கும் பந்தயத் திடலுக்கும் இடையிலேயே கழித்திருந்ததால் வண்டிப் பயணம் அதற்குப் புதிதல்ல என்று விற்றவர் சொன்னார், அது உண்மையும்கூட. குதிரை ஒருமுறையும் முரண்டு பிடிக்காமல் ஏறியது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் முடிந்து மறுநாள் முற்பகலில் இறக்கியபோது, இடது பின்னங்காலில் குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் இரண்டு அங்குல நீளத்துக்குச் சதை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் குளம்பின் மேல் வழிந்து காய்ந்து கறுத்திருந்தது.

அந்தக் காயத்தை ஏற்படுத்தியது வண்டியில் இருந்த எந்தப் பொருளும் அல்ல. அதே குதிரையின் வலது பின்னங்கால் லாடம்தான். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் லாரி வளைவுகளில் சாய்ந்தபோது, உடல் ஒரு பக்கம் தள்ளப்பட, நிலைகொள்வதற்காக அது கால்களை அகட்டி ஊன்ற முயன்றிருக்கிறது. ஆனால் மூங்கில் தடுப்புகளை நாங்கள் மிகவும் நெருக்கிக் கட்டியிருந்ததால் அகட்டுவதற்கு இடம் இல்லாமல் ஒரு காலின் மேல் மற்றொரு காலை வைத்துவிட்டது. நெருக்கமாக நிறுத்தினால் குதிரை விழாது என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில், தோளுக்கும் இடுப்புக்கும் இரு பக்கமும் சற்று இடம் இருந்து, கால்களைப் பரப்பிக்கொள்ள முடிந்தால்தான் அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். பயணத்தின்போது குதிரையின் காலில் போடும் காப்புறையைப் பற்றி எழுத வந்த நான் தடுப்பின் அகலத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிற்க இடம் இல்லாத குதிரைக்கு எவ்வளவு நல்ல உறை போட்டாலும் அது பாதி வேலையைத்தான் செய்யும்.

குதிரையின் காலைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னங்காலின் முட்டிக்குக் கீழேயும், பின்னங்காலில் பின்நோக்கி மடங்கும் மூட்டுக்குக் கீழேயும் தசையே கிடையாது. எலும்பு, அதன் பின்புறம் கயிறுபோல் இறங்கும் தசைநாண்கள், அவற்றைப் போர்த்திய மெல்லிய தோல், இவ்வளவுதான். நமக்குக் கெண்டைக்கால் சதை அடியைத் தாங்கிக்கொள்வதுபோல் அங்கே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. 450 கிலோ எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்னங்கால்களின் மேல் இருக்கிறது. அந்த எடையோடு ஒரு லாடம் அடித்த குளம்பு இன்னொரு காலின் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. எல்லா இடங்களிலும் மிக நுட்பமானது குளம்பு விளிம்பு. நம்முடைய நகத்துக்கு நகக்கண் எப்படியோ, குளம்புக்கு அந்த விளிம்பு அப்படி. குளம்பின் சுவர் முழுவதும் அங்கிருந்துதான் வளர்ந்து கீழே இறங்குகிறது. அந்த விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்டு ஒழுங்காக ஆறாவிட்டால், அதற்கு நேர்கீழே வளரும் சுவர் ஆயுள் முழுவதும் வெடிப்போடு வரக்கூடும்.

எங்கள் குதிரையின் கால்கள் வெறுமையாக இருந்தன என்று சொல்ல முடியாது. நான்கு கால்களிலும் மருந்துக் கடையில் வாங்கிய கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தேன். அது முட்டிக்குக் கீழே தொடங்கி, குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டான கணுவோடு முடிந்தது. அடிபட்ட இடமோ அதற்குக் கீழே இருந்தது. காக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மறைக்க எளிதான இடத்தை மட்டும் மறைத்திருக்கிறேன். அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. பஞ்சுத் திண்டு எதுவும் உள்ளே வைக்காமல் நீளும் துணியை நேரடியாகச் சுற்றியதால், வலது முன்னங்காலில் அது நழுவிக் கணுவுக்கு மேல் கயிறுபோல் சுருண்டு இறுகியிருந்தது. அவிழ்த்த இடத்தில் பள்ளம் தெரிந்தது. மாலைக்குள் அந்தத் தசைநாண் சூடாகி வீங்கியது. ஒரே அளவில் இல்லாத இறுக்கம் தசைநாணை எவ்வளவு எளிதில் கெடுக்கும் என்பதை வந்து பார்த்த கால்நடை மருத்துவர் என் விரலை அந்த இடத்தில் வைத்து உணரச் செய்தார். காயத்தை உப்பு நீரால் நெடுநேரம் கழுவி, கிழிந்த சதையை நீக்கி, ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) தடுப்பூசியைப் போட்டார். குதிரை ரணஜன்னிக்கு மிக எளிதில் இலக்காகும் விலங்கு. மண்ணிலும் சாணத்திலும் நிற்கும் காலில் காயம் என்றால் அந்த ஊசி பற்றிய பதிவு கையில் இருப்பது அவசியம். பயணத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அன்றிலிருந்து கடைப்பிடித்து வருகிறேன்.

தசைநாண் மூன்று வாரத்தில் அடங்கியது. குளம்பு அவ்வளவு விரைவில் என்னை விடவில்லை. விளிம்பில் காயம் ஆறிய பிறகு அதன் கீழே கிடைக்கோடாக ஒரு பிளவு தோன்றி, குளம்பு வளர வளர மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு முறை லாடம் அடிப்பவர் வரும்போதும் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று அளந்து சுவரில் குறித்து வைப்பேன். அது தரையைத் தொட்டு வெட்டியெறியப்பட எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில்தான் காப்புறைகளைப் பற்றி நான் முறையாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

பயணத்துக்குக் காலை மூடும் வழிகள் அடிப்படையில் மூன்று. முதலாவது, தடித்த பஞ்சுத் திண்டைச் சுற்றி அதன் மேல் அகலமான பேண்டேஜ் கட்டுவது. பந்தய லாயங்களில் பழகிய சைஸ்கள், அதாவது குதிரைப் பராமரிப்பாளர்கள், இதைத்தான் விரும்புவார்கள். சரியாகக் கட்டினால் இதைப்போல் காலோடு பொருந்துவது வேறில்லை. வலது காலைக் கடிகாரம் சுற்றும் திசையிலும் இடது காலை அதற்கு எதிர்த் திசையிலும், எலும்பின் முன்புறம் இழுத்து, பின்புறத் தசைநாணின் மேல் இழுவை விழாதபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மறைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தில் கட்ட வேண்டும். எங்கள் லாயத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்த முதிய சைஸ் ஒருவர் ஒரு காலை மூன்று நிமிடத்தில் கட்டிவிடுவார். நான் ஒரு மாதம் பழகிய பிறகும் என் கட்டில் எங்காவது ஒரு சுற்று இறுகியிருக்கும். கட்டத் தெரிந்தவர் பயணம் முழுவதும் கூடவே வருவார் என்றால் மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன். வழியில் ஒரு கட்டு அவிழ்ந்தால் திரும்பக் கட்டக் கை வேண்டும். இதிலும் குளம்பு விளிம்பு வெளியே நிற்கும் என்பதால், கணுக்குக் கீழே மணிபோல் விரிந்து குளம்பை மூடும் ரப்பர் உறையை, அதாவது பெல் பூட்ஸை, தனியாகப் போட வேண்டும்.

இரண்டாவது, முட்டிக்கு மேலிருந்து குளம்பு வரை ஒரே துண்டாக மூடும் முழு நீள டிராவல் பூட்ஸ். பின்னங்கால் உறை மடங்கும் மூட்டையும் சேர்த்து மூடும் விதத்தில் உயரமாகவும் வளைவாகவும் வெட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, முட்டிக்குக் கீழே தொடங்கிக் குளம்பு வரை வரும் குட்டை உறை. கடைக்காரர்கள் முழு நீளத்தையே சிறந்தது என்பார்கள். விலையும் அதற்கே அதிகம். பரப்பளவை வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் உயரம் கூடக் கூட உறை கீழே சரிவதற்கான வாய்ப்பும் கூடுகிறது, ஏனென்றால் முட்டி மடங்கும் ஒவ்வொரு முறையும் உறையின் மேற்பகுதி தளர்கிறது. இந்த ஒரு விஷயத்தை நான் அந்தியூரில்தான் புரிந்துகொண்டேன்.

2019ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தையில் மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினோம். 14 கை 2 அங்குல உயரம், நான்கு வயது. செவலைக்காக வாங்கி வைத்திருந்த முழு நீள பூட்ஸைக் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். பழைய காயத்தின் நினைவு என்னை விட்டு அகலாததால், எப்படியாவது நான்கு கால்களையும் மூடிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், அளவையோ பழக்கத்தையோ பொருட்படுத்தாமல் அந்தச் சின்னக் குதிரைக்கு அவற்றைப் போட்டேன். முன்னங்கால்களில் போட்டபோது பேசாமல் நின்றது. பின்னங்கால்களில் போட்டதும் காலைத் தீயில் வைத்ததுபோல் உதறியது; பக்கத்தில் குந்தியிருந்த சைஸின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் குளம்பு போனது. எப்படியோ ஏற்றினோம். கோபிச்செட்டிபாளையத்தைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து இடைவிடாத உதைச் சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தால், இடது பின்னங்கால் உறை முழுவதும் சரிந்து குளம்பைச் சுற்றிச் சேலைபோல் கிடந்தது. அதன் மேல் மற்றொரு காலை வைத்துக்கொண்டு, எடுக்க முயன்று, தடுமாறிக்கொண்டிருந்தது குதிரை. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் அது விழுந்திருக்கும்.

சைஸ் உள்ளே ஏறி, நிதானமாகப் பேசிக்கொண்டே நான்கையும் கழற்றி என் கையில் கொடுத்தார். “தம்பி, கால்ல போடுறது காலை விட்டு நகரக் கூடாதுங்க. நகருறதா இருந்தா வெறுங்காலே மேலுங்க” என்றார். மீதித் தூரம் முழுவதும் அந்தக் குதிரை வெறுங்காலோடு, தரையில் விரித்திருந்த தென்னைநார்ப் பாயின் மேல் நின்று வந்தது. லாடம் அடிக்கப்படாத குதிரை அது; தடுப்பும் இம்முறை அகலமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. சரியில்லாத உறையைவிட உறையே இல்லாதது நல்லது என்பதை அன்றிலிருந்து உறுதியாகச் சொல்லி வருகிறேன். லாடம் இல்லாத, வண்டியில் அமைதியாக நிற்கும் குதிரைக்கு நான் இன்றும் பல வேளைகளில் உறை போடுவதில்லை.

அதன் பிறகே அளவெடுக்கக் கற்றோம். குதிரையைச் சிமெண்ட் தரையில் நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்க வைத்துத் தையல்காரரின் நாடாவால் அளக்க வேண்டும். முன்னங்காலில் தரையிலிருந்து முட்டியின் மேல் விளிம்புக்கு மூன்று விரல் மேல் வரை; பின்னங்காலில் தரையிலிருந்து மடங்கும் மூட்டின் கூர்முனைக்கு மூன்று விரல் மேல் வரை. சுற்றளவை மூன்று இடங்களில் எடுக்க வேண்டும்: முட்டிக்குச் சற்றுக் கீழே, நீள எலும்பின் நடுவில், கணுவின் அகன்ற பகுதியில். செவலைக்கு முன்னங்கால் எலும்பின் நடுச் சுற்றளவு 20 செ.மீ., மார்வாரிக்கு 17.5 செ.மீ. இரண்டரை சென்டிமீட்டர் என்பது தாளில் சிறிய வேறுபாடாகத் தெரியும்; அந்த இடைவெளிதான் அந்தியூரிலிருந்து வந்த வழியில் உறையைத் தரைக்கு இறக்கியது. கடைகளில் போனி (சிறியது), காப் (நடுத்தரம்), ஃபுல் (பெரியது) என்று பெயரிட்டு விற்கும் அளவுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகின்றன, அவை ஐரோப்பியக் குதிரைகளின் தடித்த கால்களை மனதில் வைத்து வெட்டப்பட்டவை. மார்வாரி, கத்தியவாரி இனங்களின் கால் உயரத்துக்கு ஃபுல் என்றால், சுற்றளவுக்குப் போனிதான் பொருந்தும். இரண்டும் ஒரே உறையில் கிடைப்பது அரிது. சேணப் பொருள்கள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் கான்பூரில் கேட்டுச் செய்துகொள்ளலாம். நாங்கள் இங்கேயே கித்தான் பைகள் தைக்கும் ஒருவரிடம் அளவு கொடுத்து, பழைய உறையைப் பிரித்துக் காட்டித் தைத்துக்கொண்டோம்.

அவரிடம் நான் கேட்டவற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன், கடையில் வாங்குபவரும் இதே இடங்களைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். முதலில் கீழ் விளிம்பு. உறை குளம்பு விளிம்பையும் பின்புறக் குதிக்குமிழ்களையும் முழுமையாக மூடி, பின்பக்கம் தரைக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் மிதிபடும், அந்த அளவைவிட மேலே நின்றால் 2017இல் கிழிந்த இடம் மறுபடி வெளியே தெரியும். அந்தக் கீழ்ப் பகுதியில் துணிக்கு மேல் தோலோ தடித்த ரெக்சினோ ஒரு கை அகலத்துக்கு இரட்டைத் தையலோடு இருக்க வேண்டும். நடுவில் வைக்கும் நுரை, விரலால் அழுத்தினால் மறுபக்க விரல் தெரியாத அளவு அடர்த்தியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருப்பது கைக்கு இதமே தவிர, லாடத்தின் விளிம்பை அது நிறுத்தாது. வெளித் துணி தடித்த நைலான். அடுத்து வெல்க்ரோ பட்டைகள்: குறைந்தது இரண்டு அங்குல அகலம், ஒரு காலுக்கு நான்கு. எல்லாப் பட்டைகளும் காலின் வெளிப்பக்கத்தில், பின்நோக்கி முடிய வேண்டும். உட்பக்கம் முடிந்தால் எதிர்க் கால் உரசி அவிழ்த்துவிடும். முன்னோக்கி முடிந்தால் வைக்கோலோ தடுப்போ கோத்துக்கொள்ளும். இடது, வலது, முன், பின் என்று நான்கிலும் வேறு வேறு நிற நூலால் அடையாளம் தைக்கச் சொன்னேன். அதிகாலை இருட்டில் கைவிளக்கோடு நிற்கும்போது அதன் பயன் தெரியும்.

உட்புறத் துணி பற்றி எனக்கும் தைத்தவருக்கும் நீண்ட உரையாடல் நடந்தது. வெளிநாட்டு உறைகளில் பெரும்பாலும் ஆட்டு ரோமம்போன்ற தடித்த துணியை உட்புறம் வைக்கிறார்கள். குளிர் நாட்டில் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். நம் சித்திரை வெயிலில், தகர மேற்கூரை கொண்ட லாரியில், பன்னிரண்டு மணி நேரம் அதைப் போட்டால் கால் வெந்துபோகும். ஓடும் குதிரையின் தசைநாணுக்குள் வெப்பம் 45 பாகை செல்சியஸ் வரை ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நின்றுகொண்டு வரும் குதிரைக்கு அவ்வளவு ஏறாது என்றாலும், காற்றே புகாத உறைக்குள் சேரும் சூடும் வியர்வையும் தோலை ஊறவைத்து, முடியை எதிர்த்திசையில் புரட்டி, மடங்கும் மூட்டின் முன்புறத்தில் புண்ணாக்கிவிடும். செவலைக்குப் பழைய உறையில் அப்படி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இரண்டு இடங்களில் முடி கொட்டியது. ரோமத் துணியில் வைக்கோல் துகள் சிக்கினால் எளிதில் வராது, துவைத்தால் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும், ஈரத்தோடு போட்டால் குளம்புக்கு மேலே பின்புறம் குழிந்திருக்கும் குதிக்குழியில் சொறி வரும். நாங்கள் வழவழப்பான, துளையுள்ள பருத்தி கலந்த துணியை உட்புறத்துக்கு வைத்தோம். ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை, மாலையில் துவைத்தால் காலையில் காய்ந்துவிடுகிறது. பின்னங்கால்களுக்கு முழு நீளமும், முன்னங்கால்களுக்கு முட்டிக்குக் கீழே வரும் குட்டை உறையும் என்று கலந்து தைத்துக்கொண்டதும் வெப்பத்தை எண்ணித்தான். எங்கள் வண்டியில் முன்புறம் மோதுவதற்கு மெத்தை வைத்த பலகை மட்டுமே இருந்தது. உதைபடுவதும் மிதிபடுவதும் பின்னால்தான்.

போடும் முறையும் தேர்வின் ஒரு பகுதியே, ஏனென்றால் போட வேண்டியவரின் கைக்கு வராத உறை வீண். உறையைச் சற்று மேலே வைத்து, முடி படியும் திசையில் கீழே இழுத்து உட்கார வைக்க வேண்டும். நடுப் பட்டையை முதலில், பின் மேலே உள்ளவற்றை, கடைசியில் கீழ்ப் பட்டையை ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல் தடையின்றி நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு. கழற்றும்போது கீழிருந்து மேலாக. மேல் பட்டையை முதலில் எடுத்துவிட்டால், குதிரை திடீரென்று நகரும்போது உறை கணுவில் தொங்கிக் காலைச் சிக்க வைக்கும். போடுபவர் எக்காரணம் கொண்டும் மண்டியிடவோ சம்மணமிடவோ கூடாது. குந்திய நிலையில், எழுந்து விலகத் தயாராக இருக்க வேண்டும். அந்தியூரில் எங்கள் சைஸைக் காத்தது அந்தப் பழக்கம்தான்.

குதிரைக்கும் பழக்கம் தேவை. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடுவது எங்கள் வழக்கம். முதல் நாள் உறையைக் காட்டி முகரவிட்டு, வெல்க்ரோவைப் பிரிக்கும் அந்தச் சர்ரென்ற ஓசையைத் தள்ளி நின்று கேட்கச் செய்கிறோம். பல குதிரைகள் உறையைவிட அந்த ஓசைக்கே அஞ்சுகின்றன. பிறகு முன்னங்கால்களில் மட்டும் பத்து நிமிடம், ஒரு கைப்பிடி ஊறவைத்த கொள்ளோடு. நான்காம் நாள் பின்னங்கால்கள். முதல் தடவை பின்னங்கால்களைக் கொக்குபோல் உயர உயரத் தூக்கி நடக்கும். நாலைந்து சுற்று நடத்தினால் அடங்கும். அந்த மார்வாரிப் பெட்டைக்கு ஆறு நாள் ஆயிற்று, ஏழாம் நாள் உறையோடு நின்று தீவனம் தின்றது. அப்படி நின்று தின்னும் வரை நான் வண்டியைச் சொல்வதில்லை.

லாடத்தைப் பற்றி ஒரு சொல். பயணத்துக்கு முந்தைய நாள் லாடம் அடிக்கக் கூடாது. ஆணி இறுக்கம் காலுக்குப் பழக நான்கைந்து நாள் வேண்டும். பழைய லாடமாக இருந்தால் மடித்துவிட்ட ஆணி முனைகள் மேலெழுந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து ராவிவிட வேண்டும். வேலை நிறுத்தி ஓய்வுக்காக அனுப்பும் குதிரை என்றால் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவதே எந்த உறையையும்விடச் சிறந்த காப்பு.

வண்டியைப் பொறுத்தவரை, 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பக்கங்களில் மெத்தை, தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில், எதிரே வரும் வண்டிகளைப் பார்க்காதபடி இடப்பக்கம் திரும்பிய முகம், மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று அவை சொல்கின்றன. வேக விதியை ஓட்டுநர்கள் விரும்புவதில்லை. நான் வாடகையை நேரக் கணக்கில் பேசுகிறேன், அவசரப்படுவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. பொள்ளாச்சியில் தென்னைநார்ப் பாய்க்குப் பஞ்சமில்லை என்பதால் தரைக்கு இரண்டு அடுக்கு விரித்து, ஓரங்களை ஆணியால் அறைந்துவிடுகிறோம். ஏற்றும் மேடைக்கும் வண்டித் தரைக்கும் நடுவே விழும் இடைவெளியைப் பலகை போட்டு மூடாமல் ஒருபோதும் ஏற்றுவதில்லை. அந்தச் சந்தில் கால் இறங்கினால் உறை தோலைக் காக்கும், எலும்பைக் காக்காது.

இவ்வளவையும் சேர்த்து நாங்கள் செய்த பயணம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைந்தது. கோடையைக் கழிக்கச் செவலையை உதகைக்கு அருகிலுள்ள ஒரு பண்ணைக்கு அனுப்பினோம். மாலையில் புறப்பட்டோம். முதல் அரை மணி நேரத்திலேயே நிறுத்தி நான்கு உறைகளையும் பார்த்தோம், ஏனென்றால் சரிவது என்றால் அப்போதே சரியத் தொடங்கும். வலது பின்னங்காலில் ஒரு பட்டை தளர்ந்திருந்தது. அதை மட்டும் மறுபடி ஒட்டினோம். மேட்டுப்பாளையத்தில் ஒரு மணி நேர ஓய்வு. உறைகளைக் கழற்றி, உள்ளங்கையால் தசைநாண்களைத் தடவிச் சூட்டைப் பார்த்து, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்பப் போட்டோம். தலைக் கயிற்றையும் தளர்த்தித் தண்ணீரும் புல்லும் தாழ வைத்தோம். தலையை நெடுநேரம் தூக்கியே கட்டி வைத்தால் மூச்சுக் குழாயில் சேரும் தூசும் சளியும் வெளியேறாமல் நுரையீரலில் நோய் பிடிக்கும். பிறகு குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர் ஒவ்வொன்றையும் நடக்கும் வேகத்தில் திருப்பினார். நான் பின்னால் குதிரையோடு இருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அது பின்னங்கால்களை அகட்டி, குளம்புகளைப் பாயில் அழுத்தி, சிலவேளை சட்டென்று மாற்றி ஊன்றுவதைப் பார்த்தேன். ஏழாவது, எட்டாவது வளைவுக்குள் ஒருமுறை லாடம் நைலானில் உரசிக் கிழிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. என் நெஞ்சு ஒருகணம் நின்றது. குதிரை காலை மாற்றிக்கொண்டு மீண்டும் புல்லுக்குக் குனிந்தது.

பண்ணையில் இறக்கி விளக்கு வெளிச்சத்தில் உறைகளைக் கீழிருந்து கழற்றினேன். இடது பின்னங்கால் உறையின் உட்பக்கக் கீழ் விளிம்பில், குளம்பு விளிம்புக்கு நேராக, தோல் ஒட்டின் மேல் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு வெட்டு. தோல் அறுந்து, நைலான் அறுந்து, நுரையில் பாதி ஆழத்தில் நின்றிருந்தது. அதன் கீழே கால் காய்ந்து, முடி படிந்து, 2017இல் ஆறிய தழும்பு மட்டும் வெளிறித் தெரிய, சுத்தமாக இருந்தது. அந்த ஓர் உறையை மட்டும் மறுநாள் கித்தான் தைப்பவரிடம் கொண்டுபோய், கீழ் விளிம்பின் தோலை இம்முறை இரட்டையாக வைத்துத் தைத்துத் தரச் சொன்னேன். மற்ற மூன்றையும் துவைத்து, வெல்க்ரோவில் ஒட்டியிருந்த முடியைக் கம்பிப் பிரஷ்ஷால் வாரி எடுத்து, பட்டைகளை மூடிய நிலையில் நிழலில் தொங்கவிட்டேன்.